கோடைல செம்பருத்தி மொட்டு ஏன் உதிருது, எந்தப் பூச்செடி தாங்குது – எங்கூட்டுல பாத்து எழுதி வெச்சது

திருப்பூர்ல வீடு கட்டி வந்து ரெண்டு வருசம் ஆச்சு, மாடில 15 தொட்டி, கீழ காம்பவுண்டு ஓரமா அஞ்சாறு செடி, போன கோடைல பாதி கருகிருச்சு, செம்பருத்தி மொட்டு வெச்சு வெச்சு விரியாமயே உதிருது, ரெண்டு நேரமும் தண்ணி ஊத்தியும் மத்தியானம் வாடி நிக்குது, கோடை தாங்கற பூச்செடி எதெதுன்னு ஒரு லிஸ்ட் குடுங்கன்னு கேட்டிருக்கீங்க. லிஸ்ட் குடுக்கறது சுளுவுங்க அம்மிணி. அரளி, பேப்பர் பூ, நந்தியாவட்டை, மல்லி, இட்லிப்பூ, பத்துமணிப்பூ, நித்யகல்யாணி, அடீனியம், முடிஞ்சுது. ஆனா இத கையில வெச்சுட்டு நர்சரிக்குப் போனீங்கன்னா அடுத்த கோடைலயும் இதே கேள்வியத்தான் கேப்பீங்க, ஏன்னா லிஸ்ட்ல இருக்கற செடியவே நான் கொன்னிருக்கறேன், லிஸ்ட்ல இல்லாத பன்னீர் ரோஸ் ஒண்ணு எங்கூட்டுல 12 வருசமா நிக்குது.

நான் அவிநாசிப் பக்கமுங்க. செம்மண்ணு, உப்புத் தண்ணி போரு, வீடு போக ஒரு நாலஞ்சு சென்ட் இடம், அதுலதான் எல்லாக் கூத்தும். தினசரி காலண்டர் கிழிக்கற தாள இருக்குதுல்ல, அதோட பின்னால அன்னன்னைக்கு என்ன பூத்துது, எது வாடுச்சு, எத்தன சொம்பு ஊத்தினேன்னு கிறுக்கி ஒரு கம்பில குத்தி வெப்பேன், எங்கூட்டுக்காரர் பலசரக்குக் கடை பில்லு மாதிரி இருக்குதும்பாரு. பல வருசத் தாள எடுத்துப் பாத்தா ஒண்ணு நல்லா தெரியுது, கோடைல செடி சாகறதுல பாதி வெயிலால இல்ல, செடி என்ன சொல்லுதுன்னு நாம தப்பா புரிஞ்சுக்கறதால. சில செடி கோடைலதான் பூக்கும், சிலது பூவ நிறுத்தீட்டு உசுர மட்டும் புடிச்சுட்டு இருக்கும், சிலது மண்ணுக்குள்ள தூங்கும். நிறுத்தீட்டு இருக்கற செடிய ஐயோ போச்சேன்னு தண்ணியும் உரமுமா ஊத்தறோம் பாருங்க, அதுலதான் போகுது.

உங்க செம்பருத்தில இருந்தே வர்றேன். ஒரே தாய்ச்செடில இருந்து மூணு குச்சி வெட்டி மூணு எடத்துல வெச்சிருந்தேன், ஒண்ணு கெழக்கால, ஒண்ணு மேக்கால கேட்டுப் பக்கம், ஒண்ணு வடக்கால செவுத்தோரம். கெழக்கால செடி வெடியால இருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வெயில் வாங்கும், அப்பறம் வீட்டு நெழலு விழுந்துரும், அது சித்திரைலயும் பூத்துட்டேதான் இருந்துது, பூ மட்டும் சித்தெ சின்னது. மேக்கால செடிக்கு பின்மத்தியான வெயிலும் அடிக்குது, சூடேறின செவுரு ராத்திரி எட்டு மணி வரைக்கும் அனல் வீசுது, அதுல மொட்டு பட்டாணி அளவு வந்து மஞ்சளாகி காம்போட கீழ விழும், கூட்டிக் கூட்டி அள்ளுவேன்.

வடக்கால செடிதான் என்னைய நெம்ப நாள் கொழப்பி விட்டுது. ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் அதுக்கு நேர் வெயிலே கெடையாது, நெழல்ல பெரிய பெரிய எலையா தளதளன்னு நிக்கும், சித்திரை பொறந்ததும் ஒரே வாரத்துல எலையெல்லாம் வெளுத்து நடுவுல தீஞ்ச மாதிரி ஆயிரும். நோயின்னு நெனச்சு மருந்தெல்லாம் அடிச்சேன். அப்பறம் எம்மகன்தான் சொன்னான், அம்மா சூரியன் அந்தப்பக்கம் போயிருச்சும்மான்னு. கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு இந்தப் பக்கமெல்லாம் ஏப்ரல் 19, 20, 21 வாக்குல மத்தியானம் 12 மணி 20 நிமிசத்துக்கு சூரியன் நேரா உச்சந்தலைல நிக்குதுங்க, குச்சி நட்டுப் பாத்தா நெழலே இருக்காது. அதுக்கப்பறம் ஆகஸ்ட் 23, 24 வரைக்கும் மத்தியான வெயிலு வடக்குப் பக்கத்துல இருந்துதான் அடிக்கும். அதாவது வருசம் பூரா நெழலா கெடந்த வடக்குச் செவுரு கரெக்டா கத்திரி சமயத்துல வெயிலுக்கு வந்துருது, தெக்கால செவுத்தோரம் மத்தியானத்துல ரெண்டடிக்கு நெழல் கெடைக்குது. நெழல்ல வளந்த மெல்லிசு எலை திடீர்னு உச்சி வெயில எப்படித் தாங்கும். இது தெரிஞ்சதுக்கப்பறம் வடக்கால வெச்சிருந்த தொட்டி எல்லாத்தையும் ஏப்ரல் 10 தேதிக்குள்ள தெக்காலயோ கெழக்காலயோ மாத்திருவேன், ஆவணி பொறந்து திருப்பி வெப்பேன். மண்ணுல வெச்ச செம்பருத்திய மாத்த முடியாதே, அதுக்கு ஒரு பழைய சேலையப் பந்தலாட்டம் மூணு வாரம் கட்டி விட்டேன். அதுக்குள்ள புதுசா வர்ற எலை சின்னதா தடிமனா வெயிலுக்குத் தகுந்த மாதிரி வந்துருது, ஆனில அதே செடி பூக்குதுங்க.

மொட்டு உதிர்றதுக்கு எடம் மட்டும் காரணமில்ல. உதிர்ந்த மொட்ட எடுத்து நகத்துல கிழிச்சுப் பாருங்க. உள்ள சின்னப் புழு நெளிஞ்சாலோ மொளகுத்தூளாட்டம் பூச்சி ஓடுனாலோ அது பூச்சி, அந்த மொட்டயெல்லாம் பொறுக்கி கவருல கட்டி வெளிய போடோணும், செடிக்கு அடியிலயே விட்டா திருப்பி ஏறும். உள்ள சுத்தமா இருந்துதுன்னா சூடும் தண்ணியும்தான் பிரச்சன, அதுலயும் ஒரு நாள் காஞ்சு ஒரு நாள் நெறஞ்சுன்னு மாத்தி மாத்தி இருக்கறதுதான் மொட்டுக்கு எமன். அடுக்கு செம்பருத்தி ஒத்தைச் செம்பருத்திய விட எச்சா உதிர்க்கும், நாட்டுச் சிவப்பு ஒத்தைப்பூ இருக்குதே அதுதான் கெட்டி. நீங்க வெச்சிருக்கறது நர்சரில வாங்கின கலர் கலரான கலப்பின வகைன்னா சித்திரை வைகாசில மொட்டு நிக்கலையேன்னு வெசனப்படாதீங்க, எலை பச்சையா இருக்குதா, நுனித் துளிர் உசுரோட இருக்குதா அத மட்டும் பாருங்க போதும்.

இப்ப அந்த வாடல் விசயம். மத்தியானம் 2 மணிக்கு எலை தொங்கறதப் பாத்துட்டு உடனே சொம்பத் தூக்காதீங்க. அந்நேரத்துக்கு எலை வழியா போற தண்ணி வேரு இழுக்கற வேகத்த விட எச்சு, மண்ணுல ஈரம் இருந்தாலும் எலை தொங்கத்தான் செய்யும், பரங்கிக்கொடிய பாத்திருப்பீங்களே. பொழுதோட 6:30 மணிக்கு மறுபடி போய்ப் பாருங்க, எலை தூக்கிருச்சுன்னா செடிக்கு ஒண்ணுமில்ல. வெடியால 6 மணிக்கும் தொங்கிட்டு இருந்துதுன்னா அதுதான் கவலப்பட வேண்டியது, அப்பவும் தண்ணி ஊத்தறதுக்கு முன்னால வெரல ரெண்டு கணு ஆழம் மண்ணுல விட்டுப் பாக்கோணும். காஞ்சிருந்தா தாகம், ஊத்துங்க. ஈரமா இருந்தும் தொங்குதுன்னா வேரு அழுகுது, அதுக்கு மேல ஊத்தறது கொள்ளி வெக்கற மாதிரி. எங்கூட்டு முல்லைக்கொடி இப்படித்தான் போச்சு. சிமெண்ட் தொட்டில இருந்துது, அடி ஓட்டைல வேரு அடைச்சுக்கிச்சு, எனக்குத் தெரியாது, வாடுதே வாடுதேன்னு ரெண்டு நேரமும் ஊத்தினேன், கீழ் எலைல இருந்து மஞ்சளாகி கொட்டுச்சு, கடைசியா புடுங்கிப் பாத்தா வேரு கருப்பா, சாக்கடை நாத்தம். எட்டு வருசக் கொடி, அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்குது.

எந்நேரத்துக்கு ஊத்தறதுங்கறது ஒரு பூச்சாட்டு சமயத்துல எனக்குப் புரிஞ்சுது. எங்கூர் மாரியம்மன் கோயில்ல கம்பம் நட்டாங்கன்னா வெடியால பொம்பளைங்க எல்லாம் கொடத்துல மஞ்சத்தண்ணி வேப்பெலை போட்டு கொண்டு போய் கம்பத்துக்கு ஊத்தீட்டு வருவோம். வந்த கையோட ஈரச்சேலையோட செடிக்கும் ஊத்திருவேன், 6 மணிக்கு முன்னாலயே வேல முடிஞ்சுரும், மத்த நாள்ல சாப்பாடு செஞ்சு எல்லாரையும் அனுப்பீட்டு ஒம்போதரைக்குத்தான் ஊத்துவேன். நோம்பி முடிஞ்சு தாளப் பொரட்டுனா அந்த நாள்லெல்லாம் "வாடல்"னு எழுதுனதே கம்மி, அதே செடி, அதே தண்ணி. வெயில் ஏறறதுக்கு முன்னால வேரு குடிச்சு வெச்சுக்குது போல. பொழுதோட ஊத்தறவங்க ஒண்ணு கவனிக்கோணும், மாடி டேங்குத் தண்ணி அஞ்சு மணிக்கு கை பொறுக்காத சூடா வரும், வெயில்ல கெடந்த ஓஸ் பைப்புல மொதல்ல வர்ற தண்ணி அதுக்கும் மேல, அத அப்படியே வேருல புடிச்சா வெந்நீர் ஊத்தின கதைதான். பக்கெட்டுல புடிச்சு வெச்சு ஆற விட்டு ஊத்துங்க.

மாடித் தொட்டி வேற கணக்கு. கீழ மண்ணுல இருக்கற செம்பருத்திக்கு மூணு நாளைக்கு ஒருக்கா ரெண்டு கொடம் ஊத்துனா ஓடிருது, மாடில அதே செடி தொட்டில தினமும் கேக்குது, ஏன்னா தொட்டி நாலு பக்கமும் சூடாகுது, அடில தளம் வேற கொதிக்குது. வெறும் வெயில விட இந்த வேருச்சூடுதான் மாடிச் செடியக் கொல்றது. ரெண்டு செங்கல் மேல தூக்கி வெச்சா அடில காத்து போகும், தொட்டிகள ஒண்ணுக்கொண்ணு ஒட்டி கூட்டமா வெச்சா வெளி ஓரத்துத் தொட்டி மட்டும்தான் காயும், கருப்பு பை, கருப்பு தொட்டிக்கெல்லாம் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடிச்சு விட்டுருங்க, பாக்க நல்லா இருக்காது, பரவால்ல. பச்சை வலை கட்டறதுன்னா 50 சதவீத நெழல் வலை போதும், அதுக்கு மேல அடர்த்தியா கட்டுனா எலைதான் வரும், பூ வராது.

இன்னொண்ணு, நர்சரிக்காரங்க முக்கால்வாசி தென்னை நார்த்தூள்லதான் செடி குடுக்கறாங்க. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம்னு நம்ம பக்கத்துலயே மலையாட்டம் கெடைக்குதுல்ல. ஈரமா இருக்கற வரைக்கும் அது தங்கம், ஒருக்கா நல்லா ஒணந்துருச்சுன்னா தண்ணிய லேசுல உள்ள விடாது, நீங்க ஊத்தறது தொட்டி ஓரமா இறங்கி அடில ஓடிரும், மேல பாத்தா நனைஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல எலும்பாட்டம் காஞ்சு கெடக்கும். ரெண்டு நேரமும் ஊத்தியும் வாடுதுன்னீங்களே, எனக்கென்னமோ இதுவா இருக்கும்னு தோணுது. ஊத்தின உடனே அடில தண்ணி வருதான்னு பாருங்க, வந்துதுன்னா தொட்டியோட தூக்கி ஒரு அகலமான டப்புல அரை மணி நேரம் முக்கி வெய்ங்க, குமிழி வர்றது நின்னதுக்கப்பறம் எடுங்க. தூக்கறப்பவே கனம் தெரிஞ்சுரும், அப்பறம் எந்தத் தொட்டிக்கு தாகம்னு லேசா அசைச்சுப் பாத்தே சொல்லிருவீங்க.

மல்லி பத்தி சொல்லலைன்னா எங்க ஆத்தா ஆவி சும்மா விடாது. குண்டுமல்லிக்கு வெயில்தான் சாப்பாடுங்க. மார்கழி தைல சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுல கிலோ ஆயிரக்கணக்குல போறதும் சித்திரைல நூத்துக்கணக்குல எறங்கறதும் அதனாலதான், பனில மொட்டே வராது, பங்குனில இருந்து கொட்டோ கொட்டுன்னு கொட்டும். ஆனா அந்தக் கோடைப் பூவுக்கு வேல கார்த்திகைலயே செய்யோணும், நவம்பர் கடைசில முழங்கால் ஒசரத்துக்கு, ஒரு ஒண்ணரை அடி விட்டு, மனசக் கல்லாக்கீட்டு வெட்டி விட்டுருங்க. மல்லி புதுத் துளிர்லதான் பூக்கும், பழைய கொம்புல பூக்காது. வெட்டாம விட்டவங்கதான் எலையாத்தான் இருக்குது பூ இல்லைன்னு கேக்கறது. ஒவ்வொரு ஈடு பூ முடிஞ்சதும் நுனிய ரெண்டு கணு கிள்ளி விட்டா அடுத்த ஈடு சீக்கிரம் வரும். மொட்டு வெள்ளையா இல்லாம ஊதா, ரோஸ் கலரடிச்சு வீங்குன மாதிரி இருந்தா உள்ள மொட்டு ஈ, ஓட்ட போட்டு நூலாட்டம் பின்னி இருந்தா மொட்டுப்புழு, ரெண்டுக்கும் கிள்ளி எடுத்து அழிக்கறதுதான் வீட்டுக்கு சரி, தலைல வெக்கற பூவுக்கு நான் மருந்தடிக்க மாட்டேன்.

2017 கோடை ஞாபகம் இருக்குதா, அதுக்கு முந்தின வருசம் வடகிழக்குப் பருவமழை சுத்தமா ஏமாத்தி எங்க போரு காத்து வாங்குச்சு, லாரித் தண்ணில குளிக்கறதே பெரிசு. செடிக்கெல்லாம் பாத்திரம் கழுவின தண்ணி, கழனித் தண்ணின்னு பத்து நாளைக்கு ஒரு சொம்பு. மல்லி ஒரு எலை இல்லாம மொட்டைக் குச்சியா நின்னுது, பக்கத்து வீட்டு அக்கா புடுங்கிப் போட்டு பண்ட பாத்திரம் காய வெக்கற எடமாக்கிக்கன்னே சொல்லிருச்சு. நகத்துல குச்சியச் சொரண்டிப் பாத்தேன், தோலுக்கு அடியில மயிரெழ பச்சை இருந்துது, விட்டுட்டேன். ஒரு நாள் பொழுதோட இடி இடிச்சு ஒரு ஒழவு மழ பேஞ்சுது, பத்தாம் நாளு அடிக்கட்டைல இருந்து கொத்துக் கொத்தா துளிரு, அந்த ஈட்டுல பூத்தது மாதிரி அதுக்கு முன்னயும் பின்னயும் பூக்கல. அந்த வருசம் ஒத்த நாளும் மொகம் கோணாம நின்னது அரளியும் நந்தியாவட்டையும் பேப்பர் பூவும். போனது, பத்தும் பத்தாத தண்ணிய வெச்சு நான் தாக்காட்டிப் பாத்த ரோஸ் ரெண்டு, கனகாம்பரம் மொத்தமும்.

பேப்பர் பூ ஒரு தினுசு. எங்கூட்டுல துணி தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல வெச்சேன், பாவம் தினமும் தண்ணி கெடைக்குமேன்னு. அஞ்சு வருசம் முள்ளும் எலையுமா காடாட்டம் வளந்துதே ஒழிய பூவுக்குப் பேச்சில்ல. எதுத்த சாளைல யாருமே தண்ணி ஊத்தாத ஒரு செடி, மாசில இருந்து வைகாசி வரைக்கும் எலை தெரியாத அளவுக்கு செவப்பு. தண்ணிய நிறுத்தி காயப் போட்டா அது பூக்கும், கலரா தெரியறது பூவே இல்ல, பூவடி எலை, உள்ள குட்டியூண்டு வெள்ளையா இருக்குதே அதுதான் பூ, அதனாலதான் வெயில்லயும் வாரக்கணக்குல வாடாம நிக்குது. அடீனியமும் இந்த சாதிதான், நாலு நாளைக்கு ஒருக்கா ஊத்துனா போதும், அடிக்கெழங்க அமுக்கிப் பாத்து கல்லாட்டம் இருந்தா ஊத்தவே வேண்டாம்.

ரோஸ் விசயத்துல நம்மாளுங்க வருசா வருசம் ஒரே தப்பப் பண்றாங்க, மே மாசம் ஊட்டிக்கு மலர்க் கண்காட்சி பாக்கப் போவாங்க, வர்றப்ப ரோஸ் செடி வாங்கி மடில வெச்சுட்டு வருவாங்க. அது 2,200 மீட்டர் ஒசரத்துல குளுருல வளந்தது, ஒரே மத்தியானத்துல மேட்டுப்பாளையம் எறங்கி அவிநாசி வெயிலுக்கு வந்தா என்ன பண்ணும், ரெண்டு பூ பூக்கும், அதும் தொட்டிக்கு வரும்போதே இருந்த மொட்டு, அப்பறம் நுனில இருந்து கருப்பு எறங்கும். வாங்கறதுன்னா கார்த்திகை மார்கழில நம்ம ஊரு நர்சரில வளந்ததா பாத்து வாங்குங்க. கோடைல ரோஸ் பூ சின்னதாகறது, இதழ் கம்மியாகறது, கலர் வெளுக்கறது எல்லாம் இயல்பு, சூட்டுல மொட்டு அவசரமா விரிஞ்சுருது, அதான். இதழ் ஓரம் மட்டும் டீத்தூள் கலருல கருகியிருந்தா பூவ வெள்ளத்தாள் மேல தட்டிப் பாருங்க, ஓடற இலைப்பேன் தெரியும். எலை அடியில செம்பேனுக்கும் இதே சோதனதான், மெல்லிசா நூலாம்படை இருக்கும், எலை மேல ஊசி குத்துன மாதிரி புள்ளி, காஞ்ச சூட்டுக் காத்துலதான் அது பெருகும், வெடியால எலைக்கு அடியில தண்ணிய வேகமா பீச்சி அடிச்சு விட்டா ஒரு வாரத்துல பாதி அடங்கிரும். சித்திரை வைகாசில ரோச வெட்டாதீங்க, வெட்டுன எடத்துல இருந்துதான் கருக்கல் எறங்குது. ஒட்டுக் கட்டுன எடத்துக்குக் கீழ இருந்து வேகமா ஒரு துளிர் வந்துதுன்னா சந்தோசப்படாதீங்க, அது அடிச்செடி, கிள்ளி விட்டுருங்க.

செவந்தி கோடைல பூக்கலைன்னு கேக்கறவங்களுக்கு, அது பூக்காது, பகப்பொழுது குறையற காலத்துலதான் மொட்டு வெக்கும், இப்ப அரை நெழல்ல தாய்ச்செடிய உசுரோட வெச்சிருந்தா ஆடில கெளை கிள்ளி நட்டுக்கலாம். டிசம்பர் பூவும் அப்படித்தான். மழை லில்லி கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்கும், போர் தண்ணி எவ்வளவு ஊத்துனாலும் எங்கூட்டுது அசையாது, கோடை மழ ஒண்ணு பேஞ்சா நாலாம் நாளு ரோஸ் கலருல எந்திரிச்சு நிக்கும், மே மாசப் பந்துப் பூவும் கூடவே. பத்துமணிப்பூவ கவனிச்சா வேடிக்கையா இருக்கும், தைல பத்து மணிக்குத் தொறந்து மூணு மணி வரைக்கும் இருந்தது, கத்திரில எட்டரைக்கே தொறந்து பன்னண்டுக்கெல்லாம் கடையச் சாத்திருது.

நம்ம பக்கத்துத் தண்ணி பத்தி கண்டிப்பா சொல்லோணும். தொட்டி ஓரத்துல வெள்ளையா பூத்திருக்குதுல்ல, அது உப்பு. கோடைல எச்சா ஊத்தறோம், தண்ணி ஆவியாயிருது, உப்பு தங்கிருது. எலை கருகுறது ரெண்டு தினுசு, வெயில் பட்ட எலை நடுவுல திட்டுத் திட்டா தீயும், உப்பு ஏறுன எலை நுனியும் ஓரமும் கோடு போட்ட மாதிரி ஒரே சீரா கருகும். நீங்க வெயில்ல கருகிருச்சுன்னு சொன்னது எந்தத் தினுசுன்னு பாத்துக்கங்க. உப்புன்னா மாசத்துக்கு ஒருக்கா வழக்கத்த விட மூணு பங்கு தண்ணிய மெதுவா ஊத்தி அடில ஓட விட்டு அலசோணும். குடிதண்ணி மெசின்ல இருந்து வெளிய போற தண்ணிய மிச்சம் புடிக்கறேன்னு செடிக்கு ஊத்தாதீங்க, உப்பெல்லாம் அதுலதான் சேந்து வருது. ஏசில சொட்டற தண்ணி நல்ல தண்ணி, நான் அத இட்லிப்பூவுக்குன்னே வெச்சிருக்கறேன். புதுத் துளிரு மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா இரும்புச்சத்து எடுக்க முடியலைன்னு அர்த்தம், சுண்ணாம்புத் தண்ணில இட்லிப்பூ, செம்பருத்தி, மல்லி மூணுக்கும் வரும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், வெயில் தாழ எலை நனைய அடிங்க, மாசம் ஒருக்கா, பச்சை திரும்பற வரைக்கும். டைல்ஸ்ல பட்டா துருக்கறை போகாது, எங்க வாசல்ல இன்னும் இருக்குது, திட்டும் இன்னும் வாங்கீட்டு இருக்கறேன்.

மாவுப்பூச்சி கோடைலதான் செம்பருத்திய மொய்க்கும். ஒரு காலத்துல இதால தோட்டமே வெள்ளையா போச்சு தெரியுங்களா, பப்பாளி மாவுப்பூச்சிய இந்தியாவுலயே மொதல்ல 2008-ல கோயமுத்தூர்லதான் கண்டுபுடிச்சாங்க, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி ஒண்ணும் தப்பல, மருந்தடிச்சும் அடங்கல, 2010-ல போர்ட்டோ ரிக்கோல இருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிக் குளவியக் கொண்டு வந்து வேளாண் பல்கலைக்கழகத்துல பெருக்கி விட்டாங்க, அதுக்கப்பறம்தான் அடங்குச்சு. அதனால நாலு பூச்சியப் பாத்ததும் காட்டமான மருந்து அடிக்காதீங்க, நல்ல குளவியும் சேந்து போயிரும். மொதல்ல எறும்பு ஏறற வழிய நிறுத்துங்க, எறும்புதான் இதுக்குக் காவக்காரன். அப்பறம் நுனிய வெட்டி எறிஞ்சுட்டு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி, பொழுது எறங்கினதுக்கப்பறம் மட்டும். மத்தியானத்துல எண்ணெய் பட்டா எலை வறுத்த அப்பளம்.

செடியச் சுத்தி மண்ணு காயாம மேல மூடாக்கு போடுங்க, தென்ன மட்டை, கரும்புச் சோகை, வேப்பஞ் சருகு எதுவானாலும் சரி, மூணு வெரக்கட கனம். தண்டுல ஒட்டாம நாலு வெரல் தள்ளிப் போடுங்க, செம்மண்ணுல கரையான் நேரா தண்டுக்கு ஏறிரும். புண்ணாக்கு, உரம் எதும் சித்திரைல வேண்டாம், காஞ்ச வேருக்கு உரம் வெச்சா அதும் உப்புதான்.

கடைசியா ஒண்ணு, மே 28 கத்திரி முடிஞ்சுது, கோடை முடிஞ்சுதுன்னு உட்டுராதீங்க. 2024-ல ஈரோட்டுல 40 டிகிரிக்கு மேல அடிச்சப்பவும் எங்கூட்டுல ஒரு செடி போகல, அதே வருசம் ஆனி மாசத்துல மூணு போச்சு. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேகாத்து வரும்ல, பொள்ளாச்சி பக்கம் அது சாரலோட வரும், நமக்கு வர்றப்ப ஈரத்தயெல்லாம் அங்கயே எறக்கி வெச்சுட்டு வெறுங்கையோட வரும். வெயில் கம்மியா இருக்குதேன்னு நாம தண்ணியக் கொறைப்போம், காத்து ராவும் பகலும் எலைல இருக்கறத உறிஞ்சிரும், தொட்டி உருளும், மல்லிக்கொடி பந்தலோட சாயும். உங்களது மொட்டைமாடிங்கறதால இந்தக் காத்துதான் உங்களுக்கு வெயில விடப் பெரிய தலவலி. மேக்கால கைப்பிடிச் செவுத்துக்கு உள்பக்கம் ஒசரமான அரளித் தொட்டிய வரிசையா வெச்சு அதுக்குப் பின்னால செம்பருத்திய வெச்சீங்கன்னா பாதி காத்த அதே வாங்கிக்கும். உங்க கைப்பிடிச் செவுரு எத்தன அடி ஒசரம், அதுக்கு மேக்கால வேற மாடி வீடு ஏதாச்சும் இருக்குதான்னு பாத்து சொல்லுங்க, எந்தத் தொட்டிய எங்க நகத்தறதுன்னு அப்பறம் சொல்றனுங்க.